ஐயம் வேறு, மயக்கம் வேறு

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் ஒரு வேடனின் அம்பு யானையைச் சாய்க்கிறது. புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. புறநானூறு 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் காட்சி இது. விறலியரோடு வந்த பாணனுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. கூலிக்குக் கொல்பவன் போல் இல்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. ஓரியாக இருப்பானோ, மாட்டானோ? ‘கொல்’ என்னும் இடைச்சொல்லை அடுத்தடுத்துப் போட்டு அந்தத் தடுமாற்றத்தை அப்படியே பதிவுசெய்கிறது பாட்டு. பிறகு அவனைப் பாடுகிறார்கள். ‘கோ’ என்று விளித்ததும் அவன் நாணுகிறான். ஊன் தருகிறான், மது தருகிறான், தன் மலையில் விளைந்த பொன்னும் தருகிறான். பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

உறுதியில்லாமல் பேசுவது குற்றமா? தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. அதன் நுட்பம் அங்கேதான் இருக்கிறது.

‘கொல்’ ஐயப்பொருளில் வரும் என்கிறது தொல்காப்பிய இடையியல். கிளவியாக்கம் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. தொலைவில் தெரிபவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் பன்மையில் சொல்ல வேண்டும். மனிதனா, நட்டு வைத்த கட்டையா என்றே தெரியாவிட்டால் ‘உரு’ என்ற பொதுச்சொல் போதும். உரையாசிரியர்கள் காட்டும் இந்தக் கட்டை உதாரணம், மூடுபனி இறங்கிய கொல்லிமலைச் செம்மேட்டுப் பாதையில் நடந்தவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். அறிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்பதே இந்த விதிகளின் உயிர். இது தெளிவின்மை அல்ல, நேர்மை.

கேட்பவரைக் குழப்புவது வேறு. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று வினையே சொல்லிவிடும். ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா, விலங்கா? அந்த இடத்தில் ‘மாமரம் வீழ்ந்தது’ என்று விளக்கியே சொல்ல வேண்டும் என்கிறது அதே கிளவியாக்கம். தொல்காப்பிய மரபியல் தரும் குற்றப் பட்டியலில் குன்றக் கூறல், பொருளில கூறல், மயங்கக் கூறல் ஆகியவை தனித்தனியே நிற்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்தப் பட்டியலைச் செதுக்கினார். வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை ஆகிய பெயர்கள் அவருடைய பத்துக் குற்றங்களில் உள்ளவை. குற்றத்தில் ‘மயங்க வைத்தல்’ என்றால், பத்து அழகில் அதற்கு எதிராக ‘விளங்க வைத்தல்’. அணியிலக்கணமான தண்டியலங்காரம் இரு பொருளுக்கு இடம் தரும் தொடரை ‘கவர்படு பொருண்மொழி’ என்றது. கவர் என்றால் கிளைபிரியும் வழி.

தெளிவற்றது என்று பொருள்படும் ஆங்கிலத்தின் ‘வேக்’ (vague) அலைந்து திரிவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1930இல் ஆங்கிலத் திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் கவிதையில் இருபொருள்படுதலை ஏழு வகையாக்கி, அதை ஒரு வளமாகவே காட்டினார். அதற்கு வெகுகாலம் முன்பே, ஐயம் எழுப்புவதே நோக்கமென்றால் அது குற்றமாகாது என்று வடமொழி அணிநூலான காவியாதர்சம் இடம் கொடுத்துவிட்டது. அந்த அளவுகோலில் ஓரிப் பாட்டு எளிதாகத் தேறும்.

இடைக்காலத்தில் தொல்காப்பியமும் புறநானூறும் சுவடிகளுக்குள் ஒதுங்கின. சேனாவரையர் உரையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை 1868இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்தார், 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார். இலக்கணமும் பாட்டும் பலர் கைக்கு வந்தன. ஆனாலும் பத்துக் குற்றம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பகுதியாகச் சுருங்கிப்போனது பெரிய இழப்பு.

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அலுவலகத் தமிழ் பெருகியது. ‘ஆவன செய்யப்படும்’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ ஆகிய தொடர்கள் அதில் வேரூன்றின. செய்பவர் யார், எதை, எந்த நாளுக்குள்? இந்தத் தொடர்கள் மூன்றையும் மறைத்துவிடுகின்றன. பாதைக்கோ பட்டாவுக்கோ மனு எழுதி மலையிலிருந்து இறங்கி வரும் ஒருவர் கையில் கிடைப்பது பலநேரம் இந்த ஒரு வரிதான். இதை ஐயக்கிளவி என்று கொள்ள வழியில்லை. எழுதியவர் எதையும் ஐயுறவில்லை. நன்னூலின் பட்டியலில் இதற்கு உரிய இடம் பத்தாவது: நின்று பயனின்மை.