வேற்று இயங்குதள வட்டுகளை அணுகுதல்: லினக்ஸ் வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் இயங்குதளத்திற்கென வடிவமைக்கப்பட்ட வட்டினை மற்றோர் இயங்குதளம் படிக்க இயலாமைக்குப் பெரும்பாலும் வன்பொருள் காரணமன்று; தரவு அடுக்கப்பட்டுள்ள ஒழுங்கை, அதாவது கோப்பு முறைமையை, அது அறியாமையே காரணம். அவ்வறிவும் அதனைப் பயன்படுத்தும் உரிமையும் யார் வசம் இருந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவின் தடை

மைக்ரோசாஃப்ட் 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் என்டிஎஃப்எஸ் முறைமையை அறிமுகப்படுத்தியது. அதன் முழு விவரக்குறிப்பை வெளியிடவில்லை. லினக்ஸ் நிரலாளர்கள் வட்டிலுள்ள பைட்டுகளை ஆராய்ந்தே அதன் அமைப்பை உய்த்துணர்ந்தனர். படித்தல் முதலில் கைகூடியது. எழுதுதல் நெடுங்காலம் இடர் மிக்கதாகவே இருந்தது. படிப்பதற்குக் கோப்பின் இருப்பிடம் தெரிந்தால் போதும். எழுதுவதற்கோ முதன்மைக் கோப்பு அட்டவணை, வெற்றிடக் கணக்கு, மாற்றப் பதிவேடு ஆகியவை தம்முள் முரணாதவாறு திருத்தப்படவேண்டும்; ஒன்று பிழைப்பினும் பிற கோப்புகள் சிதையலாம். 2007இல் வெளியான என்டிஎஃப்எஸ்-3ஜி மென்பொருளின் நிலையான பதிப்பே நம்பகமான எழுதுதலைப் பரவலாக்கியது.

உரிமையின் தடை

2006இல் அறிமுகமான எக்ஸ்ஃபேட் முறைமையில் தடை வேறு வகையினது. அதற்கான நிரல் லினக்ஸுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. காப்புரிமையே குறுக்கே நின்றது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸில் அதனைச் சேர்ப்பதற்கு ஆதரவும் தெரிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 5.4 கர்னலில் எக்ஸ்ஃபேட் இடம்பெற்றது.

முடிவுரை

முன்னதில் பல்லாண்டு உழைப்பு ஈடுசெய்த குறையைப் பின்னதில் ஓர் அறிவிப்பு சில திங்களில் நீக்கியது. ஆகவே எண்ம ஆவணக் காப்பகங்கள் தரவை மட்டுமன்றி, அத்தரவு அடுக்கப்பட்ட முறைமையின் விவரக்குறிப்பையும் உடன் பேணுதல் இன்றியமையாதது.