மூச்சு வாங்கினால் இரத்தக் குறைவு மட்டும்தானா?



கொழுந்தோடு மலை ஏறும் பெண் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினால் நாம் என்ன சொல்கிறோம்? "இரத்தம் குறைவு, ஒழுங்கா சாப்பிடு." நம் வீட்டு உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் இதே பதில்தான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இருதய வால்வின் வரலாற்றைப் படித்த பிறகு அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சின்ன வயதுத் தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டு வலியோடு வாதக் காய்ச்சல் வரும். லயன் அறைகள் போல நெருக்கமாக வாழும் இடங்களில் அந்தக் கிருமி வேகமாகப் பரவும். காய்ச்சல் போய்விடும், வால்வில் தழும்பு தங்கிவிடும். ஆண்டுகள் போக மைட்ரல் வால்வு சுருங்கும். காய்ச்சல் ஆண் பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக வந்தாலும், இந்தச் சுருக்கம் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் வருகிறது.

அதனால்தான் முதல் சத்திரசிகிச்சைகளில் பெண் பிள்ளைகளையே காண்கிறோம். 1923இல் பொஸ்டனில் எலியட் கட்லர் வால்வை வெட்டித் திறந்தது 12 வயதுச் சிறுமிக்கு. 1925இல் லண்டனில் ஹென்றி சௌட்டர் இருதயத்துக்குள் விரலை விட்டுத் திறந்தது 19 வயது யுவதிக்கு. அவள் பிழைத்தாள். இருந்தும் சௌட்டரிடம் வைத்தியர்கள் இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. கோளாறு வால்வில் அல்ல, இருதயத் தசையில்தான் என்பது அன்றைய நம்பிக்கை! 23 வருடங்கள் அப்படியே போயின. 1948 ஜூன் 10 அன்று பிலடெல்பியாவில் சார்ல்ஸ் பெய்லி காலையில் செய்த சத்திரசிகிச்சையில் நோயாளி இறந்தார். தடை வருமுன் அவர் இன்னொரு வைத்தியசாலைக்குப் போய் 24 வயதுப் பெண் ஒருவருக்குச் செய்தார். அவர் பிழைத்தார். கதவு அன்றுதான் திறந்தது. 1982இல் ஜப்பானின் கன்ஜி இனோவே, நெஞ்சைத் திறக்காமல் தொடை நரம்பு வழியாக பலூன் அனுப்பி வால்வை விரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

பெண்ணுக்கு இன்னொரு சோதனை கர்ப்பம். உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடும்; அதுவரை ஒளிந்திருந்த சுருக்கம் அப்போதுதான் வெளியே தெரியும். நம் நாட்டில் தாய்மார் மரணங்களுக்கான முக்கிய காரணங்களில் இருதய நோயும் ஒன்று. செயற்கை உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க வார்பரின் மாத்திரை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அது சிசுவைப் பாதிக்கலாம். மிருகத் திசு வால்வுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் இளம் வயதினரிடம் சீக்கிரம் பழுதாகும். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டிய விஷயம் இது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து மறைப்பதும், மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவது.

வயதானவர்களுக்கு வரும் அயோட்டிக் வால்வுச் சுருக்கத்திலும் வித்தியாசம் உண்டு. ஸ்கேனில் கல்சியப் படிவு ஆணுக்கு 2000ஐத் தொட்டால் கடுமை என்பார்கள். பெண்ணுக்கு 1200 போதும். ஆணின் அளவுகோலால் பார்த்தால் உம்மம்மாவின் நோய் தப்பிவிடும்.

வாதக் காய்ச்சலுக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடும் மாணவ மாணவிகள் இருக்கிறார்கள். ஊசித் திகதி பரீட்சை நாளில் வந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள். லீவு தருவோம், தவறிய பாடத்தைப் பிறகு சொல்லிக் கொடுப்போம்.