காரின் மூக்கு: ஆக்சிஜன் சென்சாரின் கதை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்பார். காசைக் கொடுத்து மாற்றுவோம். பத்தே நாளில் விளக்கு மறுபடியும் எரியும்! தப்பு யார் மேல்? இதற்கு விடை தேடினால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை கிடைக்கிறது.

கதை காரில் தொடங்கவில்லை, ஒரு விளக்கில் தொடங்குகிறது. 1897-ல் ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட், சிர்கோனியாவுடன் இட்ரியா கலந்த பீங்கான் குச்சியில் மின்சாரம் பாய்ச்சி வெளிச்சம் உண்டாக்கினார். அதில் ஒரு விநோதம்: சில்லென்று இருக்கும்போது அதில் மின்சாரம் பாயாது. முதலில் சூடாக்க வேண்டும். சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் பீங்கானுக்குள்ளேயே நகர்ந்து மின்சாரத்தைக் கடத்தும். பிறகு டங்ஸ்டன் இழை பல்புகள் வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நெர்ன்ஸ்டுக்கு 1920-க்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, வேறு ஆராய்ச்சிக்காக.

அந்தப் பீங்கானுக்கு மறுபடி வேலை கிடைக்கக் காரணமாக இருந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். 1943 ஜூலையில் அந்நகரைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால், ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட் உண்மையை விளக்கினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் வரும் புகைதான் அது.

1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. காரின் நச்சுப் புகையை 90% குறைக்க வேண்டும் என்றது சட்டம். கெடு பின்னால் தள்ளிப்போனாலும் கம்பெனிகள் தப்பிக்க முடியவில்லை. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே இடத்தில் சுத்தம் செய்யும் 'மும்முனை' கேட்டலிஸ்ட் உருவானது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கை ஒட்டியே கலவை இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மூன்றில் ஏதாவது ஒன்று தப்பிவிடும். சாதாரண கார்பரேட்டரால் இது முடியாத காரியம். புகையை மோந்து பார்த்து உடனுக்குடன் சொல்ல ஒரு மூக்கு வேண்டும்!

அந்த மூக்கைச் செய்தது ஜெர்மனியின் பாஷ் கம்பெனி. சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வித்தியாசம் மின்னழுத்தமாக மாறும். பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் 0.1 வோல்ட். 1976-ல் ஸ்வீடனின் வோல்வோ, கலிபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் இதை முதன்முதலாகப் பொருத்தியது. காரின் முன்முகத்திலேயே 'லாம்டா சோண்ட்' என்று பட்டயம் குத்திக்கொண்டது. காற்று-எரிபொருள் விகிதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்துதான் லாம்டா.

சரி, சென்சார் கெட்டுப்போனால் எப்படித் தெரியும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த வோல்வோக்களில் 'லாம்டா சோண்ட்' என்ற எச்சரிக்கை விளக்கும் இருந்தது. ஆனால் அது சென்சாரைச் சோதித்து எரியவில்லை. ஓடிய தூரத்தை எண்ணி, "மாற்றும் நேரம் வந்தது" என்று மட்டும் சொன்னது. 1982-ல் உள்ளேயே ஹீட்டர் வைத்த சென்சார் வந்தது. (நெர்ன்ஸ்டின் விளக்குக்கும் முதலில் சூடுதானே தேவைப்பட்டது!) 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஓபிடி-2 கட்டாயமானது. கேட்டலிஸ்டுக்குப் பின்னால் இரண்டாவது சென்சாரும் வந்தது. கம்ப்யூட்டரே கோளாறைக் கண்டுபிடித்து எண்ணாகச் சொல்லத் தொடங்கியது.

நாம் ஏமாறுவது அந்த எண்ணில்தான். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். ஸ்பார்க் பிளக் சரியாக எரிக்காவிட்டால் எரியாத ஆக்சிஜன் வெளியே வரும். இரண்டிலும் சென்சார் "காற்று அதிகம்" என்று உள்ளதைத்தான் சொல்கிறது. சாட்சி உண்மை பேசினான் என்பதற்காக அவனையே தண்டிக்கலாமா?

எனவே மாற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும். பழைய சிர்கோனியா சென்சார் என்றால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இணைப்பைக் கழற்றாமல் டிஜிட்டல் வோல்ட்மீட்டரில் பார்க்கலாம். அளவு 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விறுவிறுவென்று ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஏற வேண்டும், காலை எடுத்தால் இறங்க வேண்டும். எதற்கும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ சென்சார் மேல் சந்தேகப்படலாம். கழற்றும்போது நுனியையும் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. வெள்ளைப் பொடி என்றால் சிலிகான் கலந்திருக்கலாம். அந்த மூலக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும். புதியதைப் பொருத்தும்போது துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் பசை மரையில் மட்டும்தான், நுனியில் படவே கூடாது.

உண்மையிலேயே செத்துப்போன சென்சாரை அப்படியே விடுவதும் தவறு. பெட்ரோல் வீணாகும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேட்டலிஸ்ட் பாழாகும், தெருவில் நடப்பவர் நுரையீரலுக்கும் கேடு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பைக்குகளிலும் இந்த மூக்கு சாதாரணமாகிவிட்டது. ஆகவே இது கார்க்காரர்கள் கவலை மட்டுமல்ல.

வோல்வோவின் விளக்கு தூரத்தைச் சொன்னது. இன்றைய விளக்கு ஒரு எண்ணைச் சொல்கிறது. இரண்டுமே தீர்ப்பு அல்ல, விசாரணைக்கான அழைப்புதான். அடுத்த முறை "சென்சார் போச்சு" என்று யாராவது சொன்னால், "வோல்டேஜ் பாத்தீங்களா அண்ணே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பர்ஸைக் காப்பாற்றலாம் :-)