டாக்டர் படிப்பா, கணக்குப் படிப்பா?

போன மாதம் இங்கே புனேயில் தமிழ் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் மகள் பி.ஏ. எகனாமிக்ஸ் முடித்திருக்கிறாள். மேலே ஹெல்த் எகனாமிக்ஸ், ஹெல்த் பாலிசி என்று முதுகலை படிக்க ஆசைப்படுகிறாளாம். "சார், எஜுகேஷன் லோன் ஃபைல் எல்லாம் பாக்கறவர் நீங்க. இது டாக்டர் படிப்பா, கணக்குப் படிப்பா?" இன்ஜினியரிங், மெடிசின், சி.ஏ. இந்த மூன்றையும் தாண்டினால் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் விளக்கவுரை தேவைப்படுகிறது. நான் படித்தது வெறும் பி.காம்.தான். ஆனாலும் இந்தப் படிப்பு வந்த கதை எனக்குப் பிடித்த கதை.

இதற்குப் பிறந்த வருடம் கேட்டால் பலரும் 1963 என்பார்கள். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார மேதை (1972இல் நோபல் பரிசு வாங்கியவர்) ஃபோர்டு ஃபவுண்டேஷன் கேட்டுக்கொண்டதற்காக மருத்துவச் செலவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவத்துக்கும் அவருக்கும் அதுவரை பெரிய சம்பந்தம் கிடையாது. அவர் சொன்ன விஷயத்தை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம். தி.நகரில் புடவை வாங்கப் போகிறோம். எப்போது வாங்குவது என்று நாமே முடிவு செய்கிறோம். பிரித்துப் பார்க்கிறோம், பிடிக்காவிட்டால் அடுத்த கடை. நோய் அப்படியா? எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் எது தேவை என்றும் நமக்குத் தெரியாது. நமக்கு எது தேவை என்று சொல்பவரே அதை விற்பவராகவும் இருக்கிறார். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. எனவே சந்தை தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற வாதம் இங்கே செல்லாது. நம்பிக்கை, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், அரசாங்கம் எல்லாம் நடுவே வந்தாக வேண்டும்.

அடுத்து வந்த விஷயங்கள் பேங்க்காரர்களுக்குப் பழகியவை. 1968இல் மார்க் பாலி என்பவர், இன்ஷூரன்ஸ் இருந்தால் மனிதர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஆஸ்பத்திரி போவார்கள், அது குணக்கேடு அல்ல, சாதாரணப் பொருளாதாரம் என்று எழுதினார். 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் விற்பனையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வயதானவர்களுக்கு ஏன் மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடைப்பதில்லை என்றும் விளக்கியிருக்கிறார். பிரீமியம் ஏற ஏற ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள், கடைசியில் கம்பெனியே கடையைச் சாத்திவிடும். வட்டியை ஏற்றினால் நல்ல பார்ட்டி ஓடிவிடும், வராக்கடன் ஆசாமி மட்டும் கையெழுத்துப் போடுவான் என்று எங்கள் பிராஞ்சில் சொல்வதும் இதுதான் :-)

இதைச் சோதித்துப் பார்க்கவே ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு முழு இலவச சிகிச்சை, சிலருக்குப் பங்குச் செலவு என்று வைத்தது. கையிலிருந்து கொடுத்தவர்கள் குறைவாகச் சிகிச்சை எடுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழைகளில் ஏற்கெனவே நோய் இருந்தவர்களுக்கு, குறிப்பாக ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு, இலவச சிகிச்சைதான் நன்மை செய்தது. சராசரிக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஏழை நோயாளியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பின் உபயோகம் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் கேள்வியே வேறு. அங்கே 1948 முதல் தேசிய சுகாதாரச் சேவை. யார் பணம் கொடுப்பது என்ற சண்டை இல்லை. இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது என்பதுதான் பிரச்சினை. யார்க் பல்கலைக்கழகத்தின் ஆலன் வில்லியம்ஸ் 1985இல் இதய பைபாஸ் ஆபரேஷனையும் மற்ற சிகிச்சைகளையும் ஒரே தராசில் வைத்து, எத்தனை வருட ஆயுள் கூடுகிறது, அந்த வருடங்கள் எவ்வளவு நல்லபடியாகக் கழிகின்றன, அதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். உயிருக்கு விலை போடலாமா என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. விலை போடாவிட்டால் சத்தம் பெரிதாக இருப்பவருக்குப் பணம் போய்விடும் என்பது எதிர்க்கட்சி வாதம். முதுகலைப் படிப்பாக இது வேரூன்றிய முக்கியமான இடங்களில் யார்க்கும் ஒன்று.

நம் ஊருக்கு வருவோம். உண்மையில் நாம் இந்தக் கேள்வியை ஆரோவுக்கு முன்பே கேட்டுவிட்டோம். 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அறிக்கை 1946இல் வந்தது. அதில் உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர் நம் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அறிக்கையின் கணக்குப்படி அன்றைய இந்தியாவில் ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். கையில் காசு இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்பதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது அந்தக் கமிட்டி. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாட்டின் வேர் அங்கேதான். பிறகு 1959இல் முதலியார் தலைமையிலேயே இன்னொரு கமிட்டி. புதிதாகத் திறப்பதற்கு முன் திறந்ததை ஒழுங்காக நடத்துங்கள் என்ற பாணியில் சொன்னது.

ஆனால் பாருங்கள், யார் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போகிறது என்று தேசிய அளவில் முறையாகக் கணக்கு எழுதி முதல் அறிக்கை வந்தது 2005இல்! அதுவும் 2001-02ஆம் வருடத்துக்கு. போர் கமிட்டிக்கும் அதற்கும் நடுவே ஐம்பத்தொன்பது வருடம். எந்த ஆடிட்டர் இதற்குச் சம்மதிப்பார்? அந்தக் கணக்கு இப்போது ஓரளவு தொடர்ந்து வருகிறது. 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2021-22 கணக்கில் அது 39.4 சதவீதம். இறக்கம் இவ்வளவு இருக்குமா, சர்வே சரியா என்று சந்தேகப்படும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அரசின் செலவு அதே 2021-22இல் ஜி.டி.பி.யில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்று எழுதியிருந்தது 2017ஆம் வருடத்து தேசிய சுகாதாரக் கொள்கை.

கையிலிருந்து போகும் அந்தப் பணத்தில் பெரிய பங்கு மருந்துக்கு. இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தின் கம்பெனிப் பெயரை விட்டு மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் என்ற ஏற்பாடு. இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், எடுக்க எடுக்கப் பதிவாகும், மீதி தெரியும். சேமிப்புக் கணக்கின் எளிமைதான்! இதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கழகம் அமைத்தன. ராஜஸ்தான் 2011இல் அமைத்து அதே வருடம் இலவச மருந்துத் திட்டத்தையும் தொடங்கியது.

படிக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லி ஜே.என்.யு.வில் 1971 முதல் சமூக மருத்துவ மையம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் 1997 முதல் பொது சுகாதார முதுகலை. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஹெல்த் பாலிசி, எகனாமிக்ஸ், ஃபைனான்ஸ் என்ற பெயரிலேயே முதுகலை நடத்தியிருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் புள்ளிவிவரம் விடாது. எக்கனாமெட்ரிக்ஸ், நோய்ப் பரவல் இயல், செலவுக்குப் பலன் உண்டா என்ற மதிப்பீடு எல்லாம் வரும். வேலை? அரசுத் திட்டங்கள், இன்ஷூரன்ஸ், ஆராய்ச்சி நிறுவனங்கள். 2017இல் மத்திய அரசே மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறது. ஆனால் எம்.பி.ஏ. மாதிரி கேம்பஸில் கியூ நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லோன் வாங்குபவர்கள் இதை யோசித்துக்கொள்ளவேண்டும்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. அரசியல் சட்டப்படி சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் வந்த முதலமைச்சர் திட்டம் எல்லாம் அங்குள்ள குடும்ப அட்டையை வைத்து. இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் விழுப்புரத்துக்காரர் அட்டையை ஊரில் வைத்துவிட்டு நோயை மட்டும் கூடவே கொண்டுவருகிறார். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த ஐந்து லட்ச ரூபாய் திட்டத்தில் மாநிலம் தாண்டியும் செல்லும் என்று வைத்தது இதற்காகத்தான். 2024 அக்டோபரில் அதை எழுபது வயதான எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், விரித்தார்கள். அகெர்லாஃப் சொன்ன அந்த வயதானவர்கள் இவர்கள்தான். ஆனால் இது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான். மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரைக்கு இல்லை.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். அவர் பெண் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்கிள், அந்த மாத்திரைச் செலவை எந்த சர்வேயில எப்படிக் கேட்கறாங்க?" என்றாள். பதினைந்து நாள் நினைவா, ஒரு வருட நினைவா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று அவளே விளக்க ஆரம்பித்தாள். நண்பர் லோன் விண்ணப்பத்தில் எந்தெந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்.