அடிப்படை ஆங்கிலச் சொற்றொகையின் வரலாறு

பிறமொழியொன்றைக் கற்கப் புகும் ஒருவனுக்கு எத்தனை சொற்கள் வேண்டும்? அவற்றுள் முதலிற் கற்க வேண்டியவை எவை? எளியனவாகத் தோன்றும் இவ்விரு வினாக்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிஞர் பலரை நெடுங்காலம் ஆராய வைத்தன. ஆங்கிலத்திற்கு 850 சொற்களே போதும் என்றார் ஒருவர். ஏறத்தாழ 2,000 வேண்டும் என்றார் மற்றொருவர். கல்முனைப் பகுதியில் இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவரும் எனக்கு இவ்வினாக்கள் நாடோறும் வகுப்பறையில் எதிர்ப்படுவன. அவற்றின் வரலாற்றைச் சுருங்க உரைத்து, அது நமது கரையோரப் பிள்ளைகளின் கல்விக்கு உணர்த்துவது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிழக்குக் கரையில் ஆங்கிலக் கல்வி கால்கொண்ட காலம் 1814ஆம் ஆண்டாகும். அவ்வாண்டில் மட்டக்களப்பை வந்தடைந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் அங்கு பாடசாலை நிறுவினார். காலப்போக்கில் மெதடிஸ்தரின் கல்விப் பணி கல்முனைக்கும் பரவிற்று. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பிற்காலத்தில் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பட்டவர், இளமையில் ஆங்கிலம் கற்றது கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலேயாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் ஒருங்கே பெற்ற அப்பெரியார், இருமொழிக் கல்வியின் உயர்ந்த பயனுக்கு இக்கரை ஈன்ற சான்றாவார்.

எனினும் அக்கல்வி அனைவர்க்கும் கிட்டியதன்று. ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் அறவிடப்பட்டது. மதமாற்றம் பற்றிய அச்சமும் முஸ்லிம் பெற்றோரைத் தடுத்தது. அத்தடையை நீக்க முற்பட்டோருள் தலையாயவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பையாவார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவரும், இலங்கை சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமுமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், 1942இல் உணவு நெருக்கடியின்போது உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவுற்பத்திப் பணிக்கென வந்தவர், கல்விப் பஞ்சத்தையும் கண்டு, ஈண்டு முஸ்லிம் கல்விச் சங்கம் அமையக் காரணராயினார். 1949இல் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியாற் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி தோன்றிற்று.

இதற்கிடையே நாட்டின் கல்வி முறையே மாறிவிட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி முதலில் ஆரம்ப வகுப்புகளிலும், பின்னர் படிப்படியாக மேல் வகுப்புகளிலும் போதனாமொழியாயிற்று. இம்மாற்றம் எண்ணற்ற ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாயிலைத் திறந்தது. ஆனால் ஆங்கிலத்தின் நிலையோ வேறாயிற்று. முன்பு கணிதமும் சரித்திரமும் பூமிசாத்திரமும் ஆங்கிலத்திற் பயின்ற மாணாக்கனுக்குச் சொற்கள் நாள் முழுவதும் செவியிலும் கண்ணிலும் பட்டுத் தாமே சேர்ந்தன. ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபின் அவன் அதனோடு பழகும் காலம் நாளொன்றுக்கு நாற்பது நிமிடத்தளவே. எனவே, சொற்களைத் தேர்ந்து கொடுத்தல் இன்றியமையாததாயிற்று. பிற நாட்டறிஞர் வகுத்த சொற்றொகைகள் நமக்குப் பொருளுடையனவாவது இங்ஙனமே.

அவ்வறிஞருள் முதலிற் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்க உளவியலறிஞர் எட்வேட் தோண்டைக். அவர் சிறுவர் நூல்கள், பாடநூல்கள், விவிலியம், செய்தித்தாள்கள், கடிதங்கள் எனப் பல்வகை மூலங்களில் வந்த சொற்களை எண்ணி, அடிக்கடி பயிலும் 10,000 சொற்களை 1921இல் வெளியிட்டார். கருவிகளின் துணையின்றிக் கையால் எண்ணிய அவ்வுழைப்பு வியத்தற்குரியது. ஆயினும் அவர் எண்ணியது எழுத்து வழக்கை, பேச்சு வழக்கையன்று. அன்றியும், ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்பதை அப்பட்டியல் காட்டிற்றேயன்றி, எப்பொருளில் வந்தது என்பதைக் காட்டவில்லை.

இரண்டாமவர் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த சி. கே. ஒக்டன். அவர் சொற்களை எண்ணவில்லை, பகுத்தாராய்ந்தார். ஒரு சொல்லின் பொருளை வேறு எளிய சொற்களாற் கூறமுடியுமாயின் அச்சொல்லை விலக்கலாம் என்பது அவர் துணிபு. இவ்வாறு களைந்து எஞ்சிய 850 சொற்களை 1930இல் ‘அடிப்படை ஆங்கிலம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். அவற்றுள் 600 பெயர்கள், 150 பண்புச் சொற்கள், 100 வினையும் இணைப்புச் சொற்களும். 1943இல் ஹாவட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய வின்ஸ்டன் சேர்ச்சில் இத்திட்டத்தைப் பாராட்டியமையால் அதன் புகழ் உலகெங்கும் பரவிற்று.

இப்பட்டியலை நமது கரையோரத்தில் வைத்து நோக்குதல் பயன்தரும். படகு, வலை, பாய், தூண்டில், மீன், கலப்பை, விதை, அரிசி, உப்பு, மணல், கடல், மழை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் யாவும் அதில் உள. நிந்தவூர் மீனவனும் சம்மாந்துறை வேளாளனும் தம் தொழிலை அதிற் காண்பர். பனிமழை, கையுறை, திராட்சை மது என்பனவும் உள. கிறித்தவ தேவாலயத்திற்குச் சொல் உண்டு. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இல்லை. தேங்காய் இல்லை. உலகப் பொதுமை நோக்கி ஆக்கப்பட்ட தொகையாயினும், அதை ஆக்கியவர் வாழ்ந்த ஊரின் தட்பவெப்பமும் வழிபாடும் அதனுட் புகுந்துவிட்டன.

இதனினும் பெரியதொரு குறையுமுண்டு. ஒக்டன் கொண்ட வினைகள் துணைவினை இரண்டும் உட்படப் பதினெட்டே. வாங்கு, விற்பனை செய், உண், கேள் என்னும் பொருள்தரும் தனி வினைகள் அவற்றுள் இல்லை. ‘விற்றான்’ எனற்குப் ‘பணத்திற்குக் கொடுத்தான்’ எனல் வேண்டும். ‘கேட்டான்’ எனற்கு ‘வினாவொன்றை வைத்தான்’ எனல் வேண்டும். வணிகத்தாற் பெயர்பெற்ற கல்முனைக் கடைத்தெருவில் வாங்கலும் விற்றலும் இல்லாத ஆங்கிலம் எங்ஙனம் நடமாடும்! மேலும், ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’ முதலிய வினைகளோடு இடைச்சொற்களைப் புணர்த்தி எல்லாப் பொருளையும் உரைத்தல் ஆங்கிலேயர்க்கு எளிது, தமிழர்க்கு அரிது. நம்மொழியில் வேற்றுமையுருபு பெயரின் பின்னே நிற்க, ஆங்கிலத்தில் அதன் தொழிலைச் செய்யும் சொல் முன்னே நிற்கின்றது. ‘புட்’, ‘அப்’, ‘வித்’ ஆகிய மூன்றையும் தனித்தனி அறிந்த மாணாக்கன், அவை கூடியவிடத்துப் ‘பொறுத்துக்கொள்’ என்னும் பொருள் பிறத்தலை உணரமாட்டான். எண்ணிக்கையிற் சேராத நான்காவது சொல்லொன்றை அவன் மறைமுகமாகக் கற்கவேண்டியவனாகின்றான். ஆதலின் 850 என்பது தோற்றத்திற் சிறிது, சுமையிற் பெரிது.

மூன்றாமவர் மைக்கல் வெஸ்ட். நமது நிலைக்கு மிக அணுக்கமானவர் இவரே. ஏனெனில் இவரது ஆராய்ச்சி வங்காளத்தில், இன்று வங்காளதேசத் தலைநகராய் விளங்கும் டாக்காவிற் பிறந்தது. அங்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராயிருந்த வெஸ்ட், தாய்மொழி வங்காளமாகவும் கற்கும் மொழி ஆங்கிலமாகவும் உள்ள சிறுவர்களை நேரிற் கண்டு ஆராய்ந்தார். 1926இல் வெளிவந்த அவரது இருமொழியம் பற்றிய நூல் அவ்வனுபவத்தின் விளைவாகும். அவர்தம் மாணாக்கருட் பெரும்பாலோர் பாடசாலைக் கல்வியை முடிக்காமல் இடையில் விலகினர். பத்தாண்டுக் கல்வியின் இறுதியிலேயே பயன் கிட்டுமாறு பாடத்திட்டம் வகுக்கப்படின், ஐந்தாம் ஆண்டில் விலகுபவனுக்கு ஒன்றும் எஞ்சாது.

இதனை விளக்க அவர் காப்புறுதித் தொழிலிலிருந்து ஓர் உவமையை எடுத்தாண்டார். காப்புறுதி ஒப்பந்தத்தை இடையிற் கைவிடுபவனுக்கும், அதுவரை செலுத்தியதற்கு ஈடாக ஒரு தொகை திருப்பிக் கொடுக்கப்படும். அதனை ஒப்படைப்புப் பெறுமதி எனலாம். அவ்வாறே கல்விக்கும் ஒப்படைப்புப் பெறுமதி வேண்டும். எந்த ஆண்டில் விலகினும் அந்த ஆண்டளவிற்கு மாணாக்கன் கையிற் பயன்படும் பொருளொன்று இருத்தல் வேண்டும் என்றார் வெஸ்ட். அதற்கேற்ப அவர் வாசிப்பு நூல்களைத் திருத்தியமைத்தார். தீவைக் குறிக்கும் ‘ஐல்’ என்னும் செய்யுட்சொல்லை நீக்கி ‘ஐலன்ட்’ என்னும் வழக்குச் சொல்லை வைத்தார். புதுச்சொற்கள் நெருங்கி வாராமல் விலக்கி, வந்த சொல் பலமுறை பயிலுமாறு செய்தார். 1935இல் எண்டிக்கொட்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களை மட்டுமே கொண்டு ஏனைய சொற்களுக்கெல்லாம் பொருள் கூறிற்று. கற்போருக்கென ஆக்கப்படும் இற்றைநாள் ஆங்கில அகராதிகள் பலவும் அவ்வழியைப் பின்பற்றுவன.

1934இல் கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் நியூயோர்க்கிற் கூடிய மாநாட்டில் தோண்டைக், வெஸ்ட், யப்பானிற் பணியாற்றிய ஹரோல்ட் பாமர் முதலியோர் ஒருங்கிருந்து ஆராய்ந்தனர். அதன் அறிக்கை 1936இல் வெளியாயிற்று. அதனைத் திருத்தி விரித்து, வெஸ்ட் 1953இல் வெளியிட்டதே ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்ட ‘பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்’. ஒரு சொல்லின் பல பொருள்களுள் ஒவ்வொன்றும் எத்துணை விழுக்காடு பயில்கின்றது என்பதையும் அது காட்டுதல் தனிச்சிறப்பாகும். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்திற் ஏறத்தாழ நான்கு பங்கு அப்பட்டியற் சொற்களுள் அடங்கும். 2013இல் கணினியின் துணையோடு புதிய பட்டியல்கள் தோன்றியபோதும், அவற்றை ஆக்கியோர் அடித்தளமாகக் கொண்டது வெஸ்டின் நோக்கத்தையே.

எஞ்சிய ஐந்திலொரு பங்கிலேதான் நமது இடர் கிடக்கின்றது. அஃது யாங்ஙனம் என்பதற்கு என் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, தந்தையுடன் கடலுக்குச் சென்ற மாணாக்கன் ஒருவன், சில ஆண்டுகளின்பின் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டிற்கு வந்தான். அரபு நாடொன்றில் வேலைக்குச் செல்வதற்கான ஒப்பந்தத் தாள் அவன் கையில் இருந்தது. “சேர், இதுல என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு ஒப்பம் வைக்கணும்” என்றான். அவனையே வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தான். ‘லீவ்’ என்னும் சொல் வந்தவிடமெல்லாம் விடுமுறை என்று கொண்டான். ஓரிடத்தில் அது வேலையை விட்டு நீங்குதலைக் குறித்து நின்றது. குறித்த காலத்திற்கு முன் நீங்குபவன் பயணச் செலவைத் தானே ஏற்கவேண்டும் என்பது அவ்விடத்துக் கருத்து. சம்பளத்திற் கழித்தலைக் குறிக்கும் சொல்லை அவன் அறிந்திலன். எனினும், வகுப்பிற் கற்ற ஆங்கிலச் செய்யுளொன்றைப் பிழையின்றி ஒப்பித்துக் காட்டினான். நான்காண்டுகள் அவனுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் யானே.

அவன் பிழை ஆராயத்தக்கது. ‘லீவு’ நம் பேச்சில் விடுமுறையாக மட்டுமே புகுந்துள்ளது. அவ்வாறே ‘கரண்ட்’ மின்சாரமாக மட்டும் வழங்குகின்றது; கடல் நீரோட்டத்திற்கும் ஆங்கிலத்தில் அதுவே சொல்லென்பதை மீனவர் பிள்ளை அறியான். போர்த்துக்கேயர் தந்த மேசையும் சாவியும், ஒல்லாந்தர் தந்த கந்தோரும் தமிழோடு கலந்துவிட்டமையால் அவற்றாற் கேடில்லை. ஆங்கிலச் சொற்களோ நம் பேச்சில் ஒரு பொருளோடும் ஏட்டிற் பல பொருளோடும் ஒரே காலத்தில் வாழ்கின்றன. அறிந்த சொல்லே அறியாத சொல்லினும் மிகுதியாக ஏமாற்றும். வெஸ்ட் பொருள்தோறும் விழுக்காடு கணித்தமையின் அருமை அன்றுதான் எனக்குப் புலப்பட்டது.

நமது பிள்ளைகள் சுமக்கும் பாரத்தையும் நினைத்தல் வேண்டும். மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ வளரும் முஸ்லிம் பிள்ளை வீட்டிலும் பாடசாலையிலும் தமிழையும், குர்ஆன் மத்ரசாவில் அரபெழுத்தையும், இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களத்தையும், அவற்றோடு ஆங்கிலத்தையும் பயில்கின்றது. இளமையிலேயே நான்கு வகை வரிவடிவங்கள்! அயலிலுள்ள தமிழ்ப் பிள்ளைக்கும் மூன்று உள. இத்தகைய பிள்ளைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் அதன் வாழ்க்கையில் ஒரு தொழில் செய்வதாதல் வேண்டும்.

எனவே, என் துணிபு இது. வெஸ்டின் பட்டியலில் அல்லது அதன் வழிவந்தவற்றில் முதல் ஆயிரத்தை அடித்தளமாகக் கொள்க. அதன்மேல் இக்கரைக்குரிய முந்நூறு சொற்களை நமது ஆசிரியர்களே தொகுக்க. மருந்துறையிற் காலாவதித் திகதியைக் குறிக்கும் சொல், உரப்பையின் மேலுள்ள அளவுச்சொல், வங்கிப் படிவத்தின் சொற்கள், படகு இயந்திரத்தின் உறுப்புகள், கைத்தறி வணிகத்துக்கு வேண்டியவை, தொழில் ஒப்பந்தத்தின் சொற்கள் ஆகியன அதில் இடம்பெறுதல் வேண்டும். தமிழில் ஒரு பொருளோடு மட்டும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தனியே குறித்து, மறைந்துநிற்கும் மற்றைப் பொருளை வாக்கியத்தில் வைத்துக் கற்பித்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; கல்முனைத் தமிழ் ஆசிரியரும் முஸ்லிம் ஆசிரியரும் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தாற் போதும்.

இது கல்வியின் தரத்தைத் தாழ்த்தும் எனச் சிலர் கருதக்கூடும். விபுலாநந்த அடிகளைப்போல் இருமொழிக் கடலையும் நீந்துவோர்க்கு யாரும் அணைகட்டுவதில்லை. அவர்கள் ஆயிரத்தைக் கடந்து தாமே செல்வர். கரையிலேயே நிற்க நேர்பவனுக்கு நாம் கொடுத்தனுப்புவது யாது என்பதே வினா. அம்மாணாக்கன் ஒப்பந்தத்தை முழுதும் விளங்கிக்கொண்ட பின்னரே ஒப்பமிட்டான். மறுநாள் வகுப்பில் அத்தாளிற் கண்ட சொற்களுட் பன்னிரண்டைக் கரும்பலகையில் எழுதினேன். முந்நூற்றுக்கு அவை தொடக்கமாகுக.