ஒட்டுப்போர்வை

ஒட்டுப்போர்வை என்பது பழைய துணி, மிஞ்சிய துணி ஆகியவற்றின் துண்டுகளை ஒரு முழுத்துணியின் மேல் பரப்பி, எல்லா அடுக்குகளும் பிடிபடும்படி ஓட்டுத் தையல் போட்டு ஒன்றாக்கிய கைத்தையல் போர்வை. பஞ்சு அடைத்த ரஜாயிலிருந்து இது வேறுபட்டது. இதற்குக் கனம் தருபவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் துணி அடுக்குகளே. பெரும்பாலும் வீட்டாருக்காக, குறிப்பாகக் கைக்குழந்தைக்கும் மணமாகிப் போகும் பெண்ணுக்கும், வீட்டுப் பெண்களே தைப்பது.

சிந்து, கட்ச் தொடங்கிக் கொங்கணக் கரை வழியாக உத்தர கன்னடம் வரை இந்த மரபு பரவிக் கிடக்கிறது. சிந்தில் ரல்லி, குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் கோதடி, கோவாவில் வாகள், வட கர்நாடகத்தில் கௌதி, உத்தர கன்னடத்துச் சித்தி மக்களிடம் கவந்தி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கேரளக் கடற்கரையில் பாயும் மெல்லிய போர்வையும் ஆண்டு முழுவதற்கும் போதும் என்பதால் தடித்த போர்வைக்குத் தேவை எழவில்லை. ஆனாலும் இந்தப் போர்வையின் கதையைச் சொல்லும்போது கொச்சியின் மட்டாஞ்சேரியை ஒதுக்க முடியாது. போர்வை தைக்கும் ஊர்களிலிருந்து புறப்பட்ட மக்கள் பலர் வந்து சேர்ந்த இடம் அது.

மட்டாஞ்சேரி

சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழும் பகுதி மட்டாஞ்சேரி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் மதக் கெடுபிடி தாங்காமல் கோவாவை விட்டு வந்த கொங்கணிகள் செர்லாயில், திருமலைக் கோயிலைச் சுற்றிக் குடியமர்ந்தார்கள். வணிகத்துக்காகக் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் வந்து நிலைத்தார்கள். யூதத் தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளையும் ஆண்கள் தலையில் வைக்கும் சிறு தொப்பிகளையும் கைத்தையல் வேலைப்பாட்டோடு விற்ற கடை உலகெங்கிலுமிருந்து வந்த பயணிகளுக்குத் தெரிந்திருந்தது. அவர் 2019-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார்.

மட்டாஞ்சேரியையும் சித்திகளின் கவந்தியையும் இணைக்கும் கண்ணி வேறொன்று, அது துயரமானது. மட்டாஞ்சேரியின் மங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பன் என்ற தெய்வத்துக்கு ஒரு சிறிய வழிபாட்டு இடம் உண்டு. மக்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி, சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, தப்பியோடிய போர்ச்சுகீசியர் தங்கள் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்பது அந்த வழிபாட்டின் பின்னுள்ள கதை. கதை எப்படியிருந்தாலும், ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இந்தக் கரைக்குக் கொண்டுவரப்பட்டது வரலாறு. அதே கடல் வணிகம் கோவாவில் இறக்கிய ஆப்பிரிக்கர்களில் பலர் தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் புகுந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களே உத்தர கன்னடத்துச் சித்திகள். கொச்சியில் ஆப்பிரிக்கரின் நினைவு தெய்வமாக நின்றது. எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் அது வாழும் சமூகமாக நின்று, போர்வை தைத்துக்கொண்டிருக்கிறது.

கவந்தி

மேற்குக் கரையின் ஒட்டுப்போர்வைகளில் மிக நன்றாக ஆராயப்பட்டதும், இக்கட்டுரையாளர் கருத்தில் மிக அழகானதும் கவந்திதான். சித்திகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் உண்டு. மூன்று பிரிவுப் பெண்களும் கவந்தி தைக்கிறார்கள். சிலர் போர்வையில் சிலுவையோ பிறையோ ஒட்டித் தைப்பதுண்டு.

தைக்கும் முறை கவனித்துப் பார்க்கத் தக்கது. தரையில் ஒரு பழைய சேலையை விரித்து, அதன் விளிம்பை உட்புறமாக மடிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, முதல் துண்டின் ஓரத்தையும் உள்மடித்து, சேலையின் மடித்த விளிம்போடு சரியாகப் பொருத்துகிறார்கள். பிறகு விளிம்புக்கு இணையாக ஓட்டுத் தையல். அடுத்த துண்டு முந்தைய துண்டின் பிசிர் ஓரத்தை மூடியபடி ஏறும். இப்படியே நான்கு பக்கமும் சுற்றி வந்து, முதல் வரிசையை ஒட்டி இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை எனத் தையல் நடுவை நோக்கிச் சுருள்கிறது. நடுவில் எஞ்சும் கட்டத்துக்கு நான்கு ஓரமும் மடித்த ஒரு துண்டை வைத்துத் தைத்தால் பரப்பு நிரம்பிவிடும். முன்கூட்டிய வரைபடம் கிடையாது, சட்டம் கிடையாது. எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் என்பதைத் தைப்பவர் அந்த நேரத்தில் தீர்மானிக்கிறார். தையல் துணியை லேசாகச் சுருக்குவதால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அலை எழும். கையால் தடவினால் தையல் வரிசைகள் விரலுக்குத் தெரியும்.

ஒட்டுப்போர்வையில் விளிம்புதான் முதலில் நைந்து கிழியும். இழுபடுவதும் தேய்வதும் துவைகல்லில் அடிபடுவதும் அதுதான். பிற மரபுகள் பலவற்றில் விளிம்பை மூடுவது கடைசி வேலை. களைத்த கையும் தீர்ந்துபோன பொறுமையுமாக அது அவசரத்தில் முடிகிறது. கவந்தி தைக்கும் பெண் அந்த வேலையை முதலிலேயே, கை புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுகிறாள். போர்வை தொடங்கும்போதே அதன் ஆயுள் உறுதியாகிறது.

நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை அடுக்கித் தைக்கும் அலங்காரத்துக்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். மூலையில் பூலா இல்லாத போர்வையைச் சித்திப் பெண்கள் முடிந்த போர்வையாகக் கொள்வதில்லை. தொட்டில் குழந்தைக்கான கவந்தியில் பளிச்சென்ற சிறுசிறு துண்டுகள் நெருக்கமாக இருக்கும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாளர் ஹென்றி ட்ரூவால் இந்தப் போர்வைகளை ஆராய்ந்து எழுதினார். அவர் துணைநின்று 2004-இல் சித்திப் பெண்களின் போர்வை கூட்டுறவு அமைப்பு உருவானது. 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் ஆய்வு மையத்தில் கவந்திகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. உத்தர கன்னடத்துச் சித்திகள் பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டது 2003-இல்தான். அவர்கள் வீடுகளில் மடித்து அடுக்கியிருந்த போர்வைகள் அடுத்த எட்டு ஆண்டுகளில் உலகின் கண்முன் வந்தன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளும் 2002 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. அவற்றையும் கவந்தியையும் அருகருகே வைத்து இரண்டும் ஆப்பிரிக்காவின் நேரடி எச்சம் என்று சொல்லிவிட ஆசை எழும். அப்படி முடிவுகட்டுவது சரியல்ல. சித்திகளின் அண்டை வீட்டுப் பெண்களும் கௌதி தைப்பவர்களே. நிறத்தேர்விலும் மூலைப் பூவிலும் தாளம் தவறித் தாவும் துண்டுகளிலும் சித்திகளின் தனித்தன்மை தெரிகிறது. தையல் முறையில் அவர்கள் இந்த மண்ணின் பொது மரபையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

துணி

வீட்டாருக்காகத் தைக்கும்போது துணி கடையிலிருந்து வருவதைவிட அலமாரியிலிருந்து வருவதே வழக்கம். பாட்டியின் மெல்லிய பருத்திச் சேலை, அப்பாவின் சட்டை, குழந்தையின் கவுன் எல்லாம் பயன்படும். ஆனால் பழைய துணி எல்லாமே தைக்க ஆகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை இளைத்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். சேலையில் இடுப்பில் செருகும் உள்முனை அதிகம் தேயாமல் இருக்கும். மடிப்பும் தோளும் முதலில் நையும். சட்டையில் முதுகுப்பக்கம் நல்ல துணி கிடைக்கும். காலரும் முழங்கையும் பயன்படாது. கேரளத்துச் செட்டுமுண்டைச் சேர்க்கும்போது சரிகைக் கரையை வெட்டிவிடுவது நல்லது. சரிகை விறைத்து மேனியில் உரசும், துவைக்கத் துவைக்கப் பிரியும். பனியன் துணி இழுபட்டு நீளும் என்பதால் நெய்த துணியோடு சேர்த்தால் போர்வை கோணும்.

புதுத்துணியைத் தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் புதியது சுருங்கி, பழையது சுருங்காமல், தையல் இழுத்துக்கொள்ளும். சிவப்பு, நீலம், மெரூன் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

தையலும் முடிப்பும்

கவந்தியைப் போலன்றி, இன்று நகரங்களில் பயிற்சி வகுப்புகள் வழியாகப் பரவும் மேலைநாட்டு முறையில் மேல்துணி தனியே தயாராகிறது. ஒரே அளவாக வெட்டிய துண்டுகளைக் கால் அங்குலத் தையல் இடம் விட்டு இணைத்து, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பும் கீழே அடித்துணியும் வைத்து, மூன்றையும் தற்காலிகத் தையலால் பிடித்து, நடுவிலிருந்து வெளிநோக்கித் தைப்பார்கள். நடுவில் தொடங்குவது சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளுவதற்காக. கொச்சியின் வெக்கைக்குப் பாலியெஸ்டர் பஞ்சு ஏற்றதல்ல. பழைய பருத்தி வேட்டி ஒன்றை நடு அடுக்காக வைத்தாலே போதும்.

விளிம்பு கட்டுவதற்கு இரண்டரை அங்குல அகலப் பட்டைகளை வெட்டி, சாய்வாக ஒன்றோடொன்று இணைத்து, நெடுக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட வேண்டும். பட்டையைப் போர்வையின் முன்பக்க ஓரத்தில் வைத்துத் தைத்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்பாக நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, மறுபடி கீழ்நோக்கி மடித்து அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை சாய்வாகக் கூர்ந்து நிற்கும். பின்பு பட்டையைப் பின்பக்கம் திருப்பி, தையல் வெளியே தெரியாதபடி கையால் மடிப்புத் தையல் போட வேண்டும். இதை மெஷினில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. விற்கும் போர்வைக்கு அது பொருந்தும். வீட்டுக் குழந்தையின் கன்னம் படப்போகும் விளிம்புக்குக் கைத்தையலே மென்மை. நூல் முடிச்சை மேலே விடாமல் லேசாகச் சுண்டி அடுக்குக்குள் இழுத்துவிட வேண்டும். இழுத்த முடிச்சு உள்ளே மாட்டிக்கொள்ளும், துவைத்தாலும் அவிழாது.

குழந்தைக்கான போர்வையில் பொத்தான், மணி, சரிகை வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது தளர்ந்த போர்வையைப் போர்த்த வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. விழித்திருக்கும் நேரத்தில் தரையில் விரித்துக் கிடத்தி விளையாடவிட ஒட்டுப்போர்வை நல்லது.

துவையலும் ஈரமும்

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மடித்து வைத்த துணியில் பூஞ்சை பிடிப்பது அங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த தொல்லை. அடுக்குகள் கொண்ட போர்வைக்கு அது இன்னும் மோசம். மேலே காய்ந்தாலும் நடு அடுக்கில் ஈரம் தங்கும். மழைக்காலத்தில் துவைக்காமல் வெயில் காலத்தில் துவைத்து, இருபுறமும் காயவைத்து, மறுநாளும் வெயிலில் போட்டு எடுப்பதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கக் கூடாது. பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் இருந்தால் இழை அந்தக் கோட்டில் அறும்.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வேலி என்ற இடத்தில் உள்ள சலவைக் கூடத்தில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் வேலை செய்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளைத் துவைக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் என்பது அவர்கள் தலைமுறைகளாகச் சொல்வது. இன்றைய கூடம் 1976-இல் கட்டப்பட்டது. அங்கே துணி காயப்போட கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்கின் இடையில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள். கனமான போர்வையைக் காயப்போடுபவர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம். கிளிப் பிடித்த இடத்தில் மொத்த ஈர எடையும் தொங்கித் தையல் அறுவது இதில் குறையும்.

தமிழ்நாட்டில்

பழைய சேலையைத் தூளியாகவும் குழந்தைக்கு விரிப்பாகவும் பயன்படுத்துவது தமிழ் வீடுகளின் வழக்கம். அதைத் துண்டாக்கி மறுபடி தைக்கும் பழக்கம் பரவலாக வேரூன்றவில்லை. துணியின் மேல் துணி ஒட்டித் தைக்கும் கலை இங்கே கோயிலுக்குப் போனது. தஞ்சாவூர்ப் பகுதியில் தேருக்கும் மண்டபத்துக்கும் தைக்கும் தொம்பை, தோரணம், விதானம் ஆகியவை அதற்குச் சான்று. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் சமூகத்தின் தையல் வேலையைப் போர்கை அமைப்பின் மூலம் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

பெயரிடுதல்

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய இந்தியப் போர்வைகளில் பெரும்பாலானவற்றின் கீழே தைத்தவர் பெயர் இல்லை. வங்காளத்தின் காந்தா போர்வைகளிலாவது சில பெண்கள் தங்கள் பெயரையும் யாருக்காகத் தைத்தோம் என்பதையும் நூலில் எழுதிவைத்தார்கள். மேற்குக் கரைப் போர்வைகளில் அதுவும் அரிது. வீட்டில் ஒட்டுப்போர்வை தைப்பவர்கள், ஒரு சிறு வெள்ளைப் பருத்தித் துண்டில் தங்கள் பெயர், ஊர், ஆண்டு, யாருக்காக, யார் யாருடைய உடைகள் என்பதை அழியாத மையிலோ நூலிலோ எழுதி, போர்வையின் பின்பக்க மூலையில் தைத்துவிட வேண்டும். அதை விளிம்பு கட்டுவதற்கு முன்பே தைத்தால், அதன் இரண்டு ஓரங்கள் விளிம்புப் பட்டைக்குள் அடங்கி என்றும் பிரியாது.