மசாவாவை விட்டு ஓடிய கப்பல்கள்

ஆனைக்குட்டத்தில் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது அந்த ஆறுமுனைப் பதக்கம். வெளிர்மஞ்சள் நாடா, நடுவில் அகலமான சிவப்புக் கோடு, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம். இரண்டாம் உலகப் போரின் 'ஆப்பிரிக்கா ஸ்டார்'. "தாத்தா இத்தாலிக்காரன் கப்பல விரட்டுனவரு" என்றார்கள் வீட்டார். அப்படியென்றால் கடற்படையா? நாடா பதில் சொல்லாது; முப்படைக்கும் அது ஒன்றுதான். மடிப்பில் கிழிந்திருந்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் சொன்னது: மெட்ராஸ் சாப்பர்ஸ், 12ஆவது ஃபீல்டு கம்பெனி. தரைப்படை!

கப்பல்களைத் தேடிப் போனேன். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியபோது எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் அதன் ஏழு நாசகாரிக் கப்பல்கள் நின்றன: சௌரோ வகுப்பில் நான்கு, லியோனே வகுப்பில் மூன்று. சூயஸ் வழி அடைபட்டுவிட்டதால் ஊர் திரும்ப வழியில்லை. அக்டோபர் 20 இரவு, செங்கடலில் வடக்கே போன பிரிட்டிஷ் 'பி.என்.7' கப்பல் அணியை இத்தாலியர்கள் தாக்கினார்கள். விடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல் கிம்பர்லி துரத்திப்போய், அந்த ஏழில் ஒன்றான 'நுல்லோ'வை ஹார்மில் தீவருகே வீழ்த்தியது. அதன் தலைவர் போர்சினி கப்பலை விட்டு இறங்க மறுத்தார். அவர் இன்னும் மேலேயே நிற்பதைக் கண்ட சரவோலோ என்ற மாலுமி, தப்பிய படகிலிருந்து குதித்து அவரிடமே நீந்திப் போனார். இருவரும் கப்பலோடு மாண்டார்கள். எதிரிதான், ஆனாலும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் ஆறு. 1941 ஏப்ரல் 1 அன்று லியோனே பாறையில் மோதி அழிந்தது. 3ஆம் தேதி சௌரோவையும் மானினையும் பிரிட்டிஷ் சுவோர்டுஃபிஷ் விமானங்கள் மூழ்கடித்தன. பாத்திஸ்தி, பந்தேரா, திக்ரே மூன்றையும் அரேபியக் கரையோரம் இத்தாலியர்களே மூழ்கடித்தார்கள். எல்லாம் ஒரே வாரத்தில்! ஏன் அந்த வாரம்?

கடற்படை ஏட்டை மூடிவிட்டுத் தரைப்போர் ஏட்டைப் புரட்டியதும் முடிச்சு அவிழ்ந்தது. எரித்திரியாவில் ஏழு வாரம் மலையில் நடந்த கெரென் சண்டை, இத்தாலியரின் தோல்வியோடு மார்ச் 27 அன்று முடிந்தது. ஏப்ரல் 1 அஸ்மாரா விழுந்தது. 8ஆம் தேதி மசாவா. துறைமுகம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்துதான் அந்தக் கப்பல்கள் திரும்பாப் பயணம் கிளம்பின. கெரெனில் போரிட்ட 4ஆவது இந்திய டிவிஷனின் சாப்பர் கம்பெனிகளில் ஒன்று இதே 12ஆவது கம்பெனி. கண்ணிவெடி எடுப்பதும் பாதை போடுவதும் சாப்பர்களின் வேலை. வீட்டார் சொன்னது உண்மைதான். கப்பலை விரட்டியது கரையிலிருந்து.

இப்படியொரு பதக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தக் காலக் காகிதங்களில் ஆனைக்குட்டம் போன்ற நம்மூர்கள் ராமநாதபுரம் மாவட்டம் என்றே இருக்கும். அந்தப் பெயரில் தேடுங்கள். பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.